யார் கையில் தொடுதிரை?

பள்ளிக்கூடத்துக்குள் டேப்லெட் கணினியைக் கொண்டுவர நினைத்த பல அரசுகள் அதை மாணவர் கையில் கொடுத்தன. தமிழ்நாடு அரசோ 2024ஆம் ஆண்டில் அதை ஆசிரியர் கையில் கொடுத்தது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு 101 கோடியே 48 லட்சம் ரூபாயில் டேப்லெட்டுகளும், அதனுடன் 22,931 திறன்மிகு வகுப்பறைகளுக்காக 455 கோடியே 32 லட்சம் ரூபாயும் ஒதுக்கப்பட்டன. வகுத்துப் பார்த்தால் ஒரு டேப்லெட்டுக்குச் சுமார் 12,700 ரூபாய், ஒரு திறன்மிகு வகுப்பறைக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய் ஆகிறது. மாணவருக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும் என்பது வெளிப்படையானது. ஆனால் சிக்கனம் ஒன்றைக் கொண்டு மட்டும் இந்தத் தேர்வை எடைபோட முடியாது. ஒரே கருவி யார் கையில், எந்தக் கூரையின் கீழ், யார் வகுத்த வேலைக்காக இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பயன் தலைகீழாக மாறுகிறது என்பதற்கு, மதுரை மாநகரமும் அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிச் சமவெளியும் போதுமான சான்றுகளைத் தருகின்றன.

டேப்லெட் என்பது தனி விசைப்பலகை இல்லாமல், தொடுதிரையையே எழுதும் இடமாகவும் பார்க்கும் இடமாகவும் கொண்ட கணினி. செல்போனில் ஓடும் ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளமே, அதாவது கருவியின் அடிப்படை மென்பொருளே, இதிலும் ஓடுகிறது. திரையின் குறுக்களவு பெரும்பாலும் ஏழு அங்குலம் முதல் பதினொரு அங்குலம் வரை இருக்கும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும், தொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கும் இது மடிக்கணினியைவிட எளிது. ஒரு பக்கக் கட்டுரை எழுதுவதற்கோ, நிரல் எழுதிப் பழகுவதற்கோ மடிக்கணினியின் பக்கத்தில்கூட வராது. கல்வித் திட்டங்கள் பலவற்றில் இந்த அடிப்படை வேறுபாடே கண்டுகொள்ளப்படாமல் போனது.

இந்தியாவில் அந்தக் கதை ஆகாஷ் டேப்லெட்டிலிருந்து தொடங்குகிறது. 2011 அக்டோபர் 5 அன்று அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட அந்தக் கருவி, உலகிலேயே மலிவான டேப்லெட் என்று கொண்டாடப்பட்டது. அரசு அதைச் சுமார் 2,300 ரூபாய்க்கு வாங்கியது. ஏழு அங்குலத் திரை இருந்தது, ஆனால் அது விரலின் மென்மையான தொடுதலை உணரும் வகையன்று. அழுத்தினால்தான் அசையும் பழைய வகைத் திரை. நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. விலையை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கருவியை அதற்குள் அடக்க முயன்றதன் விளைவுகள் மின்கலத்திலும் வேகத்திலும் உடனே தெரிந்தன, திட்டமும் சில ஆண்டுகளில் பேச்சிலிருந்து மறைந்தது. அதே 2011இல், ஆகாஷுக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்பு, செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியிருந்தது. விலையைக் குறைத்துக்கொண்டே போன டெல்லியின் பார்வைக்கும், விசைப்பலகை உள்ள முழுக் கணினியைக் கொடுத்துவிடுவது என்ற சென்னையின் பார்வைக்கும் இடையே இருந்த தூரம் அந்த மூன்று வாரங்களில் தெளிவாகத் தெரிந்தது.

மாணவர் கையில் டேப்லெட் என்ற வழியைப் பெரிய அளவில் முயன்ற பக்கத்து மாநிலம் ஆந்திரம். 2022 டிசம்பர் 21 அன்று தொடங்கி, அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்லெட்டுகள் அங்கே வழங்கப்பட்டன. அவற்றில் பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள் ஏற்றப்பட்டிருந்தன. கருவியை அரசு வாங்கியது, பாடத்தை ஒரு தனியார் நிறுவனம் கொடுத்தது. அந்த நிறுவனத்தின் மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கப்பட்டபோது, ஒரு மாநிலத்தின் வகுப்பறைப் பாடங்கள் வெளியார் ஒருவரின் வரவுசெலவுக் கணக்கை எவ்வளவு நம்பியிருந்தன என்ற கேள்வி தானாகவே எழுந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பள்ளிகள் 2013இல் நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட திட்டத்தில் மாணவர்களுக்கு ஐபேட் கொடுக்கத் தொடங்கியபோது, சில வாரங்களிலேயே மாணவர்கள் பாதுகாப்புப் பூட்டுகளைக் கழற்றித் தங்களுக்கு வேண்டிய தளங்களுக்குப் போய்விட்டார்கள். 2014 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பூட்டைக் கொடுத்துவிட்டு அவர்கள் சாவி செய்யமாட்டார்கள் என்று எதிர்பார்த்த அதிகாரிகள், தங்கள் பதினாறாவது வயதை மறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆசிரியர் கையில் வந்த பிறகு

தமிழ்நாட்டு ஆசிரியருக்கு டேப்லெட் வந்தபோது அது வெற்றிடத்துக்குள் வரவில்லை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கொரோனா காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்டுவதற்காக, முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலும் அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளே, எழுத்தறியத் தொடங்கும் அரும்பு, சொற்களைப் படிக்கும் மொட்டு, வகுப்புக்குரிய நிலையை எட்டிய மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சிநூல் கொண்டு கற்பிக்கப்படுகிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவ்வப்போது அளந்து பார்க்காமல் இந்த முறை நடக்காது. அந்த அளவீட்டுக்குச் செயலி, அதாவது செல்போனிலும் டேப்லெட்டிலும் ஓடும் மென்பொருள், பயன்படுத்தப்பட்டது. டேப்லெட் வருவதற்கு முன்பு ஆசிரியர்கள் தங்கள் சொந்த செல்போனில், பெரும்பாலும் சொந்தச் செலவில் வாங்கிய இணைய வசதியில், இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அரசே கருவி கொடுத்ததன் முதல் நியாயம் இதுதான். பாடம் எதையும் மாற்றாவிட்டாலும், ஆசிரியரின் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் உள்ள கருவியில் பள்ளி வேலை நடந்த முறைகேட்டை அது மாற்றியது.

அளவீடு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் உள்ளதைப் போன்ற ஓர் ஈராசிரியர் பள்ளியை, அதாவது ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளியை, எடுத்துக்கொள்ளலாம். ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகள் ஓர் அறையில் ஒருவரிடம் இருப்பார்கள். ஆசிரியர் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் அழைத்துத் திரையைக் காட்டுகிறார். கேள்வி படமாகவோ சொல்லாகவோ தோன்றுகிறது. பிள்ளை விரலால் தொட்டோ வாயால் சொல்லியோ விடையளிக்கிறது. அடுத்த கேள்வி வருகிறது. அலைவரிசை தடுமாறினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றும் முடிய பதினைந்து மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்று பள்ளி நாள்கள் வேண்டும். அந்த நேரம் முழுவதும் மற்ற இருபத்தொன்பது பேரும் எதையாவது பார்த்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ‘பாடம் நடத்த விடுங்கள்’ என்று ஆசிரியர் அமைப்புகள் திரும்பத் திரும்பக் கேட்டதன் பொருள் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதனோடு எமிஸ் என்று எல்லோரும் சொல்லும் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையின் பதிவுகள் சேர்ந்துகொள்கின்றன. மாணவர் வருகை, ஆசிரியர் வருகை, விலையில்லாப் பொருள்கள் வழங்கிய விவரம், உடல்நலப் பரிசோதனை என எல்லாமே அதே திரை வழியாகத்தான் போக வேண்டும். மாநிலத்தின் எல்லா அரசுப் பள்ளிகளின் வருகையும் தலைநகரில் ஒரே திரையில் தெரிவது நிர்வாகத்துக்குப் பெரும் வசதி என்பதை மறுக்க முடியாது. இடைநின்ற பிள்ளையை விரைவில் கண்டுபிடிக்க அது உதவவும் செய்கிறது. ஆனால் இந்த ஓட்டம் கீழிருந்து மேலே மட்டும் போகிறது என்பதுதான் குறை. அரும்பு நிலையில் தேங்கிய ஏழு பிள்ளைகளும் ஒரே எழுத்துக் கூட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள், நாளை காலை அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம் என்று அதே கருவி ஆசிரியரிடம் திருப்பிச் சொல்லும்போதுதான், பதிவுக்காகச் செலவான மூன்று நாளுக்கு ஒரு வரவு கிடைக்கும். பிள்ளையைப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட கருவி, நடைமுறையில் ஆசிரியரைப் பார்ப்பதற்கான கருவியாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தை வன்பொருளால் நீக்க முடியாது, செயலியை வடிவமைப்பவர் வகுப்பறையில் சில வாரங்கள் உட்கார்ந்தால் நீக்க முடியும்.

நிலைக்கேற்பக் கற்பித்தல் என்ற கொள்கையே தவறா என்றால், சான்றுகள் அதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங், அலெகாந்த்ரோ கானிமியன் ஆகியோரும் டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்றல் மென்பொருளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அரசுப் பள்ளி மாணவர் 619 பேரில் யாருக்கு மாலை நேர மையத்தில் இலவச இடம் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. நாலரை மாதத்தில், இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் 0.37 தரவிலக்கமும் இந்தியில் 0.23 தரவிலக்கமும் முன்னேறினார்கள். தரவிலக்கம் என்பது ஒரு குழுவின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு. பள்ளிக் கல்வி ஆய்வுகளில் 0.37 என்பது பெரிய முன்னேற்றமாகவே கருதப்படும். ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள் என்பதும், மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் நின்ற படியிலிருந்து தொடங்க வைத்தது என்பதும் இதன் விளக்கம். பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த மையத்தின் தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் கணினி, மீதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாளரிடம் படிப்பது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பெரு நாடு நிற்கிறது. ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய இயக்கத்தின் வழியில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை வாங்கிய அந்த நாட்டில், 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட ஆய்வு, மொழியிலோ கணிதத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை என்று கண்டது. கருவி போய்ச் சேர்ந்தது. அதை வைத்து வகுப்பில் என்ன செய்வது என்பது போய்ச் சேரவில்லை.

கொக்கு எழுதும் விரல்

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நுணுக்கம் உலக ஆய்வுகளில் இடம்பெறுவதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ‘கொக்கு’ என்று தாளில் எழுதும்போது கை முதலில் ஒற்றைக் கொம்பைப் போடுகிறது, பிறகு ககரத்தை, பிறகு துணைக்காலை. திரையில் தமிழ்99 விசைப்பலகையில் அதே சொல்லுக்கு க, ஒ, க, க, உ என்று ஐந்து தட்டல்கள். கொம்பும் காலும் மென்பொருளே போட்டுக்கொள்கிறது, ஒரே மெய் இரண்டு முறை தட்டப்பட்டால் முதலாவதற்குப் புள்ளியையும் அதுவே வைத்துக்கொள்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட இந்த அமைப்பு, உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்ற இலக்கணத்தை விரலுக்குக் கற்றுத் தருகிறது என்ற வகையில் அருமையானது. ஆனால் கை எழுதும் வரிசை வேறு, விரல் தட்டும் வரிசை வேறு என்பதால், எழுத்து வடிவம் இன்னும் கையில் படியாத வயதில் இரண்டையும் ஒன்றாகப் புகுத்தினால் பிள்ளை குழம்பும். நடைமுறையில் நடப்பதோ இதைவிட மோசம்: பெரும்பாலான கருவிகளில் தமிழ்99 தேடி எடுக்கப்படாமல், ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாறும் முறையே வழக்கமாகிவிடுகிறது. தமிழ் எழுதுவதற்கு முதலில் ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்ற விநோதத்தை ஓர் அரசுப் பள்ளிக் கருவி அனுமதிக்கலாகாது. வாங்கும்போதே தமிழ்99 இயல்பான விசைப்பலகையாக நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி. செலவு எதுவும் இல்லை.

திரையில் படிப்பதும் தாளில் படிப்பதும் ஒன்றல்ல என்பதும் ஓரளவு உறுதியாகிவிட்டது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதாவது முன்பே நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து மதிப்பிடும் ஆய்வு, 54 ஆய்வுகளில் பங்கேற்ற 1,70,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு, தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் படித்தவர்களுக்குப் பொருள் கூடுதலாகப் பிடிபடுகிறது என்றும், நேரக் கட்டுப்பாடு இருந்தால் இந்த இடைவெளி அகலமாகிறது என்றும் காட்டியது. புதிய தலைமுறை திரைக்குப் பழகிவிடும், வேறுபாடு மறைந்துவிடும் என்ற நம்பிக்கையை அது ஆதரிக்கவில்லை. பள்ளிகளில் திரையை முன்னோடியாகப் புகுத்திய சுவீடன் 2023இல் அச்சுப் புத்தகங்களுக்குத் திரும்ப நிதி ஒதுக்கியதும், அதே ஆண்டில் யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தொழில்நுட்பத்தைக் கற்பவரின் தேவைக்கேற்ற அளவில் மட்டும் பயன்படுத்தச் சொன்னதும் இந்தப் பின்னணியில்தான். தமிழ்நாட்டில் நடந்தது ஒருவகையில் சுவாரசியமானது: டேப்லெட் வாங்குவதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, ‘வாசிப்பு இயக்கம்’ என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய கதைப் புத்தகங்களைப் பள்ளிக் கல்வித் துறை அச்சிட்டது, ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய சிறார் இதழ்களும் தாளில்தான் வருகின்றன. திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, ஆசிரியருக்குத் திரை, பிள்ளைக்குத் தாள் என்ற அந்தப் பங்கீடு சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

கண் நலத்தைப் பற்றிய கவலையும் மதுரைக்குப் புதிதல்ல. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. கிட்டப்பார்வைக் கோளாறு வளரும் வயதில் கூடுவதற்கு நெருக்கத்தில் பார்க்கும் வேலை ஒரு காரணம் என்றும், வெளியில் பகல் வெளிச்சத்தில் விளையாடும் நேரம் அதைத் தள்ளிப்போடுகிறது என்றும் கண் மருத்துவம் சொல்கிறது. மைதானம் இல்லாத பள்ளிக்குத் திரை போவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் நூலும் திரையும்

மதுரைக்கு நூலகமும் திரையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அந்நியமான காட்சியன்று. ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தின் கூடம் பகலில் வாசகசாலையாகவும், மாலையானால் ரீகல் திரையரங்காகவும் பல்லாண்டுகள் இயங்கியது. பத்திரிகை படித்தவர்கள் எழுந்துபோன இடத்தில் ஆங்கிலப் படம் ஓடியது. இரண்டுக்கும் தனித்தனி நேரம் இருந்தது என்பதை இன்றைய திட்டக்காரர்கள் கவனிக்கலாம்.

இன்று அந்தக் கூரை புதுநத்தம் சாலையில் விரிந்திருக்கிறது. 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடிப் பரப்பில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு தொடங்கியது. சிறுவர் பகுதி, போட்டித் தேர்வுப் பகுதி, மின்நூலகம், மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதி எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்பு மதுரையின் பொது வாசிப்பைச் சுமந்தது சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம். இவற்றுக்கெல்லாம் அடித்தளம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் மக்களே கட்டுவதால், நூலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் பொதுப் பொருள் என்ற எண்ணம் அங்கே இயல்பாக இருக்கிறது. டேப்லெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வகுப்பில் முப்பது பேருக்கு ஒன்று என்பது பற்றாக்குறை. நூலகத்தில் ஒருவர் எழுந்தபின் இன்னொருவர் உட்காருவது வழக்கம். வீட்டுக்குக் கொடுத்தால் அது அண்ணன் கையில் விளையாட்டுக் கருவியாகலாம். நூலக மேசையில் அது நூலகரின் கண்ணெதிரில், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக இருக்கிறது.

அந்த வேலை என்ன என்பதில்தான் நூலகங்கள் இன்னும் தெளிவடையவில்லை. இணையத்தில் உலாவுவதற்கு மட்டும் என்றால், போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிற இளைஞர்கள் பையிலேயே செல்போன் வைத்திருக்கிறார்கள். வீட்டில் கிடைக்காத ஒன்றை நூலகத் திரை தர வேண்டும். தமிழில் அதற்கான செல்வம் எப்போதோ சேரத் தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சிக்கு, சங்கம் இருந்த ஊரின் நினைவாக ‘மதுரைத் திட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள்; பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இலவச மின்னுரைகளாகத் தந்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய அச்சு நூல்களும் பழைய இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றிய 1901ஆம் ஆண்டுக் காலத்து நூல் ஒன்றை மேலூர்க் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படிக்க முடியும் என்பது, ஒரு தலைமுறைக்கு முன்பு கற்பனைக்கும் எட்டாதது.

இங்கே ஒரு தொழில்நுட்பத் தடை இருக்கிறது. படமெடுத்த பக்கம் என்பது எழுத்துகளின் தொகுப்பன்று, ஒரு புகைப்படம். எட்டங்குலத் திரையில் அதைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. மதுரைத் திட்டத்தின் மின்னுரை போலத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரி மென்பொருள் இன்று தமிழுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. பழைய அச்சு வடிவங்களில் மட்டும், குறிப்பாக 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களிலும் ணா, றா, னா வடிவங்களிலும், அது சறுக்குகிறது. பிழை திருத்துவதற்கு மனிதக் கண் வேண்டும். மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களுக்கு ஆளுக்கு முப்பது பக்கம் பயிற்சிப் பணியாகக் கொடுத்தாலே ஆண்டுக்குப் பல நூல்கள் திருத்தப்பட்டுவிடும்.

கேட்கும் திரை

இந்தத் தடை யாரை அதிகம் பாதிக்கிறது என்றால், பார்வையற்ற வாசகரை. டேப்லெட்டால் வாழ்க்கை உண்மையாகவே மாறியவர்களும் அவர்கள்தான். மதுரைக்கு அருகே சுந்தரராஜன்பட்டியில் 1985இல் எஸ்.எம்.ஏ. ஜின்னா நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் பல தலைமுறை மாணவர்களுக்குக் கல்வி தந்திருக்கிறது. பிரெய்ல் என்னும் புள்ளி எழுத்தில் ஒரு சாதாரண அச்சுப் பாடநூல் பல பெரிய தொகுதிகளாக விரியும். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றை ஒரு மாணவரால் பையில் தூக்கிச் செல்ல முடியாது. டேப்லெட்டில் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளை இயக்கினால் நிலைமை வேறு. விரல் கண்ணாடியின் மேல் மெதுவாக நகரும்போது, அதன் கீழ் வருவதையெல்லாம் கருவி பேசிக்கொண்டே போகிறது; வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறக்கிறது; பழகியவர்கள் கேட்கும் வேகம் மற்றவர்களுக்கு வெறும் சலசலப்பாகத்தான் கேட்கும். வழவழப்பான கண்ணாடி பார்வையற்றோருக்கு உதவாது என்று தொடுதிரை வந்த புதிதில் எழுந்த அச்சம், இந்த முறை பரவியதும் மறைந்தது. ஆனால் திரைவாசிப்பானால் எழுத்தைத்தான் படிக்க முடியும், புகைப்படத்தைப் படிக்க முடியாது. பார்வையுள்ளவருக்கு வெறும் சலிப்பாக இருக்கும் அந்தப் பட நூல், பார்வையற்றவருக்குப் பூட்டிய அலமாரி.

சட்டம் இங்கே நூலகத்துக்கு முன்னால் போய்விட்டது. பதிப்புரிமை உள்ள நூலைப் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவுக்கு மாற்ற 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அனுமதிக்கிறது. இதையே உலக அளவில் உறுதிசெய்யும் 2013ஆம் ஆண்டின் மாரகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆக, ஒரு பொது நூலகம் தன் வாசகருக்காக ஒரு தமிழ் நாவலை எழுத்துணரியில் ஏற்றித் திருத்திக் கொடுப்பதற்குத் தடையாக இருப்பது உரிமையாளரின் மறுப்பு அன்று, அந்த வேலைக்கென்று ஒரு பணியிடம் இல்லாததுதான்.

மின்கலத்தின் வயது

வாங்கும்போது எழும் பேச்சு பராமரிக்கும்போது எழுவதில்லை. டேப்லெட்டில் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். சில நூறு முழுச் சுற்றுகளுக்குப் பிறகு அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும். வெப்பம் அதன் எதிரி. முழுதாக ஏற்றிவைத்த கருவியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு மதுரையின் ஏப்ரல், மே மாதங்களைக் கடத்துவது அதன் வயதைக் குறைக்க நேரான வழி. கோடை விடுமுறைக்கு முன் பாதி அளவு மின்னேற்றத்தில் அணைத்து, வெயில் தாக்காத அறையில் வைப்பது என்ற எளிய வழிமுறைகூட எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் சொல்லப்பட வேண்டும். மின்கலம் மாற்ற முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட கருவியா, திருகாணி கழற்றினால் திறக்கும் கருவியா என்பதையும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் செல்போன் பழுதுபார்ப்பவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடும் வேலைக்கு, அரசுக் கருவி என்பதால் அதை வெளியில் கொடுக்கத் தயங்கி, மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது எந்தத் துறைக்கும் புதிதல்ல. பள்ளி அளவில் ஒரு சிறு தொகையைப் பழுதுபார்ப்புக்கு என்று ஒதுக்கி, அதற்கான அதிகாரத்தைத் தலைமையாசிரியரிடமே விட்டுவிட்டால் இந்த அலைச்சல் பெரும்பாலும் தீரும்.

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல்செய்த நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி, என்று அறிவித்தது. கட்டுரையும் நிரலும் எழுத வேண்டிய வயதினருக்கு விசைப்பலகை உள்ள கருவியே பொருந்தும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பள்ளியில் ஆசிரியர்களிடம் கொடுக்கப்பட்ட 79,723 கருவிகளோ இன்னும் சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்து மாற்றத்துக்கு வந்து நிற்கும். அடுத்த கொள்முதலுக்கு முன்பு, அவற்றில் ஓடிய செயலிகளில் எத்தனை மணி நேரம் பதிவேற்றத்துக்குப் போனது, எத்தனை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பயிற்சி தருவதற்குப் போனது என்ற கணக்கைப் பள்ளிக் கல்வித் துறை ஒன்றிய வாரியாகப் பிரித்து வெளியிடலாம். அந்த எண்களைத் தொகுப்பதற்கான தரவு அதன் சேவையகங்களிலேயே இருக்கிறது.